குளவியின் கையில் என்ன?

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து காயல் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில், பழைய பாண்டிகசாலையின் மாடியில் நான்கு நாள் வாடகைக்கு இருந்தேன். கீழே சுக்கும் மிளகும் அடுக்கிய மூட்டைகள். படியேறும்போது சுக்கு வாசனையும் கூடவே ஏறி வரும். முந்தின மாலை துலாவர்ஷ மழை இடியோடு கொட்டி ஓய்ந்திருந்தது. காலையில் சன்னலைத் திறந்தால் மரச்சட்டத்தின் மூலையில் ஒரு பெரிய பூச்சி. ஆரஞ்சும் கறுப்பும் கலந்த உடம்பு, நூல் போல நீண்ட இடுப்பு, அதன் முனையில் பேரிக்காய் போல ஒரு வயிறு. காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பறந்து வந்து உட்கார்ந்தது.

தேநீர் கொண்டுவந்த வீட்டுக்கார சேச்சி டம்ளரை வைத்த கையோடு துடைப்பத்தை எடுத்துவிட்டார். "கடன்னலாணு, தொடண்டா!" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. மலையாளத்தின் கடன்னல்தான் நம்முடைய கடந்தை. அந்தப் பெயரைக் கேட்டால் கையில் கிடைத்ததை எடுப்பது அரபிக்கடலோரத்திலும் வங்கக்கடலோரத்திலும் ஒரே வழக்கம்தான்.

துடைப்பம் இறங்குவதற்குள் நான் ஒன்றைக் கவனித்தேன். பூச்சி தன் உடம்புக்கு அடியில், தாடையாலும் காலாலும் பிடித்தபடி, பச்சையாக ஒரு புழுவை வைத்திருந்தது. சட்டத்தின் மூலையில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு மண் குடம். அதன் வாய், சின்னச் செம்பின் கழுத்து போல வெளியே விரிந்திருந்தது. புழுவை அதற்குள் திணிக்கத்தான் இந்தப் பாடு.

"சேச்சி, கடந்தை பானை செய்யாது" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "ஓ, வேட்டாவெளியனோ! அது பாவம்." துடைப்பம் கதவுக்குப் பின்னால் போயிற்று.

பூச்சி அதேதான், நிறமும் அளவும் அதேதான். அது என்ன தூக்கி வந்திருக்கிறது என்று தெரிந்ததும் கொலைத் தண்டனை ரத்தாகிவிட்டது. கிராமத்துப் பக்கம் போய்விட்டு வருகிறவர்கள் மங்கலான ஒரு செல்பேசிப் படத்தைக் காட்டி, "இவ்வளவு பெரிசு! இது என்ன குளவி?" என்று கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அதன் கையில் என்ன இருந்தது? பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெரிதாக இருந்தது, மஞ்சளாக இருந்தது, பயமாக இருந்தது என்பதோடு சாட்சியம் முடிந்துவிடும்.

அளவும் நிறமும் ஏன் ஏமாற்றுகின்றன என்பதற்குப் பூச்சிகளிடமே காரணம் இருக்கிறது. கறுப்பும் மஞ்சளுமான வரி, கொட்டும் பூச்சிகளின் பொதுச் சீருடை. ஒரு தடவை கொட்டுப்பட்ட பறவை, அப்புறம் அந்தச் சீருடையைக் கண்டாலே விலகும். கொடுக்கே இல்லாத பல பூச்சிகள் அதே துணியைத் தைத்துப் போட்டுக்கொண்டு பிழைக்கின்றன. அமேசான் காட்டில் பதினொரு வருடம் அலைந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர், பட்டாம்பூச்சிகளை வைத்து 1862-ல் இந்த வேஷத்தை விளக்கினார். குளவி வேஷம் போடுவதில் கைதேர்ந்தவை ஈக்கள். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கும் பூ ஈ, வேட்டையாடும் கொள்ளைக்கார ஈ இரண்டும் தூரத்தில் அசல் குளவிதான். அந்துப்பூச்சிகளில்கூட இறக்கையில் கண்ணாடி வைத்தும் இடுப்பில் மஞ்சள் பட்டை கட்டியும் ஏமாற்றுகிறவை உண்டு.

வேஷத்தைக் கலைக்க அதிகம் படிக்க வேண்டியதில்லை. ஈக்கு இறக்கை இரண்டே இரண்டு, குளவிக்கு நான்கு. ஈயின் கண் தலையை முழுக்க அடைத்திருக்கும். அதன் உணர்கொம்பு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். கடந்தைக் குடும்பத்துக்கு இன்னொரு அடையாளமும் இருக்கிறது. உட்கார்ந்ததும் முன்னிறக்கையை நீளவாக்கில், அங்கவஸ்திர மடிப்பு போல, இரண்டாக மடித்துக்கொள்ளும். என் சன்னலில் இருந்த வேட்டாவெளியனும் அப்படித்தான் மடித்திருந்தது. அதுவும் அந்தக் குடும்பத்தில் ஒரு கிளைதான். ஆக, சேச்சி முழுக்கத் தவறும் இல்லை. பங்காளி வீட்டுக்காரனைப் பார்த்து ஆளை மாற்றிக்கொண்டார், அவ்வளவே.

பயம் எந்த அளவுக்குக் கண்ணை மறைக்கும் என்பதை 2020-ல் அமெரிக்கா காட்டியது. ஆசியாவின் ராட்சதக் கடந்தை முந்தின ஆண்டு அந்நாட்டின் வடமேற்கு மூலையில் தென்பட்டிருந்தது. உலகிலேயே பெரிய கடந்தை அது. இந்தியாவில் இமயமலைப் பக்கம் உண்டு, கேரளத்தில் கிடையாது. பத்திரிகைகள் அதற்குக் 'கொலைகாரக் கடந்தை' என்று பட்டம் கொடுத்ததுதான் தாமதம், அது எட்டிப் பார்க்காத மாநிலங்களில்கூட ஜனங்கள் உள்ளூர்க் குளவிகளையும் மலர் தேடி வந்த வண்டுத்தேனீக்களையும் அடித்துப் படமெடுத்து அனுப்பினார்கள். 2024 டிசம்பரில் அந்தக் கடந்தை நாட்டிலிருந்து ஒழிந்தது என்று அரசு அறிவித்தது. அடிபட்டுச் செத்த அப்பாவிகளுக்குக் கணக்கில்லை.

நம் ஊர்ச் செய்தித்தாள்களிலும் 'விஷ வண்டு கடித்து' என்றுதான் வரும். அது வண்டும் இல்லை, கடிக்கவும் இல்லை, குளவி, கொட்டியது. காவிரிக் கரையில் கதண்டு என்பார்கள், சில ஊர்களில் கதம்ப வண்டு. பெயரில் வண்டு ஒட்டிக்கொண்டதால் பாவம், தன் பாட்டுக்குப் போகிற கருவண்டுக்கும் அடி விழுகிறது.

சன்னலுக்குத் திரும்புகிறேன். அந்த மண் குடத்தைப் பார்த்துத்தான் "குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும்" என்ற பழமொழி பிறந்திருக்க வேண்டும். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் அடைக்கிறது. வாயை மண்ணால் மூடுகிறது. சில வாரம் கழித்து அதே கூட்டை உடைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வருகிறது. இடையில் யாரும் உள்ளே போகவில்லை. அப்படியானால் புழுதானே குளவியாகியிருக்க வேண்டும்? பார்த்தவர்களின் கண்ணில் குறையில்லை. மூடியிருந்த நாட்களில் நடந்ததை மட்டும் மனம் இட்டு நிரப்பிக்கொண்டது. வேதாந்திகள் இதைப் பிரமர கீட நியாயம் என்று பெயரிட்டு, இடைவிடாத தியானத்தால் சீவன் சிவமாவதற்கு உவமையாக்கினார்கள். பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும் இது வசதியான உவமை. பிரம்புக்கு ஒரு தத்துவம் கிடைத்தது.

இதே கற்பனை சீனாவிலும் உண்டு என்று அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஃபோர்ட் கொச்சிக் கரையில் சீன வலைகள் எழுந்து தாழ்வதைப் பார்த்துக்கொண்டே இதை நினைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். அவர்களுடைய மிகப் பழைய கவிதைத் தொகுப்பிலேயே, குளவி பச்சைப்புழுவின் பிள்ளையைத் தூக்கிப் போகும் செய்தி வருகிறது. ஹான் காலத்து அறிஞர் யாங் சியோங், குளவி அந்தப் புழுவிடம் தன்னைப் போலவே ஆகும்படி ஓதுகிறது என்று எழுதிவைத்தார். சீன மொழியில் அந்தப் பச்சைப்புழுவின் பெயரான மிங்லிங் என்பதற்கே தத்துப்பிள்ளை என்று பொருள் ஏறிவிட்டது. நாம் குருவையும் சீடனையும் கண்ட இடத்தில் அவர்கள் தகப்பனையும் தத்துப்பிள்ளையையும் கண்டிருக்கிறார்கள்.

அதை முதலில் மறுத்தவரும் ஒரு சீனர்தான். 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவோ ஹோங்ஜிங் என்ற மருத்துவ அறிஞர். மூலிகைகளைப் பற்றி எழுதுகிறவர், குளவியைப் பற்றியும் எழுத வேண்டிவந்தது. குளவி தினை அளவுக்கு ஒரு முட்டை இடுகிறது, புழுக்களைப் பிடித்து அடைப்பது அதிலிருந்து வரும் குஞ்சுக்குத் தீனியாகத்தான் என்று அவர் குறித்தார். தத்தும் இல்லை, உபதேசமும் இல்லை, கட்டுச்சோறு. பதினைந்து நூற்றாண்டுக்கு முன்பு, பூதக்கண்ணாடிகூட இல்லாமல்.

கட்டுச்சோறு கெடாமல் இருப்பதுதான் வித்தை. செத்த புழு கொச்சியின் புழுக்கத்தில் ஒரு நாளில் அழுகிவிடும். அதனால் குளவி கொல்வதில்லை. கொடுக்கை நரம்பு முடிச்சுகளுக்குப் பக்கத்தில் செலுத்தி முடக்கிவைக்கிறது. புழு உயிரோடு, ஓட முடியாமல், வாரக்கணக்கில் 'புதிதாக' இருக்கும். ஐஸ் பெட்டிக்கு இப்படியும் ஒரு வழி. குடம் செய்யும் குளவியின் புழுக்கள் முழுக்க முடங்குவதும் இல்லை, உள்ளே நெளிந்துகொண்டே கிடக்கும். அந்த நெளிசலில் மெல்லிய முட்டை நசுங்கிவிடாதா என்று பிரெஞ்சுக்காரர் ழான் ஆன்ரி ஃபாபருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு குடத்தின் பக்கவாட்டில் சின்னச் சன்னல் வெட்டி உள்ளே பார்த்தார். முட்டை, சிலந்தி நூல் போல மெல்லிய ஒரு இழையில் குடத்தின் கூரையிலிருந்து தொங்கியது. தூளிப் பிள்ளை! பொரிந்த குஞ்சும் அதில் தலைகீழாகத் தொங்கியபடி கீழே கிடக்கும் புழுவைத் தின்கிறது. புழு துள்ளினால் மேலே ஏறிக்கொள்கிறது. ஃபாபர் சில இடங்களில் மிகைப்படுத்துகிறவர்தான். இந்த விஷயத்தில் அவர் கண்டது கண்டபடி நின்றுவிட்டது.

மறுநாள் ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்கிற இடத்துக்கு நடந்தேன். மட்டாஞ்சேரியிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே உள்ள தோபிகானாவில் வேலை செய்கிறவர்கள் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தார். டச்சுக்காரர்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள். முற்றத்தில் முறுக்கிய கயிறுகள். முறுக்குக்குள்ளேயே துணியின் முனையைச் செருகிவிடுவதால் கிளிப்பே தேவையில்லை. எனக்குப் பிடித்தது, தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் மண்ணை நனைக்கும் ஓரம். அங்கே நாலைந்து குளவிகள் தலையைக் குத்திட்டு, வாலைத் தூக்கி, ரீங்காரத்தோடு சேற்றை உருட்டிக்கொண்டிருந்தன. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், இடுப்பு என்று ஒரு கம்பி.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வயதான அம்மா நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது ஒன்னும் செய்யாது தம்பி, மண்ணுக்கு வருது. எங்க சாமி படத்துக்குப் பின்னால எல்லாம் வச்சிருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கூடு வச்சா வீட்டுல புள்ள பொறக்கும்பாங்க" என்றார். இந்த நம்பிக்கை தமிழ் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கூட்டைக் கலைக்க விடமாட்டார்கள். பொன்னுக்கு வீங்கிக்கு அந்த மண்ணைக் குழைத்துப் பூசுவதும் உண்டு. மருத்துவமாக அது எதற்கு ஆகுமோ, குளவிக்கு நல்ல காப்பீடு.

சேற்றை உருட்டும் இந்தக் குளவியின் இரண்டாவது சுமை சிலந்தி. பானை செய்கிற குளவி புழு தூக்கும், குழல் குழலாக மண் அப்புகிற இந்தக் குளவி சிலந்தி தூக்கும். ஒவ்வொரு குழலிலும் முடங்கிய சிலந்திகளை அடைத்து, ஒரு சிலந்தியின் மேல் முட்டையிட்டு மூடும். பழைய கூட்டை உடைத்தால் உலர்ந்த சிலந்திக் கால்கள் கொட்டும். நம் பக்கத்தில் அதிகம் தென்படும் இனம் ஒன்றுக்கு ஸ்கெலிஃப்ரான் மட்ராஸ்படானம் என்று பெயர். 1781-ல் டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் வைத்தது. மதராசப்பட்டினம் என்ற பெயரை ஊரே விட்டுவிட்டது, குளவி இன்னும் சுமக்கிறது.

எந்தத் துளை கிடைத்தாலும் மண்ணை அப்பிக் கூடு வைத்துவிடும், இவற்றுக்கு வெட்கமே கிடையாது. சாவித்துவாரம், பிளக் பாயின்ட், குழாய் முனை. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் மெல்லிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதால் விமானிக்குப் பொய்யான வேகம் காட்டப்பட்டது. விமானம் ஓடாமல் நின்றிருந்த நாட்களில் மண்குளவி அதில் கூடு வைத்திருக்கலாம் என்பது விசாரணையின் வலுவான சந்தேகம். நிறுத்திய விமானத்தின் அந்தக் குழாய்க்கு உறை மாட்டுவது எதற்காக என்று இப்போது புரிந்திருக்கும்.

பாண்டிகசாலைகளுக்கென்றே பொருத்தமான ஒரு குளவியும் உண்டு. பெரிது என்று சொல்ல முடியாது, இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். ஆனால் மரகதப் பச்சையில், தொடைகள் மட்டும் சிவப்பாக, ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸா. அதன் கையில் இருப்பது கரப்பான்பூச்சி. கையில் என்று சொல்வதும் சரியில்லை, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும். தன்னைவிடப் பெரிய கரப்பானைத் தூக்கிப் பறக்க அதனால் ஆகாது. அதனால் முதல் கொட்டு நெஞ்சில்; முன்னங்கால்கள் சில நிமிடம் ஓய்ந்துபோகும். அந்த அவகாசத்தில் இரண்டாவது கொட்டை நேரே தலைக்குள், மூளையின் குறிப்பிட்ட இடம் தேடிச் செலுத்தும். கரப்பான் முடங்குவதில்லை. நடக்கத் தெரியும், நிற்கத் தெரியும். தானாக நடக்கத் தொடங்கும் எண்ணம்தான் போய்விடுகிறது. குளவி அதன் உணர்கொம்பைப் பாதியில் கத்தரித்து, கசியும் திரவத்தைக் கொஞ்சம் குடித்து, மிச்சக் கொம்பை மூக்கணாங்கயிறு போலப் பிடித்து இழுக்க, கரப்பான் பின்னாலேயே தன் குழிக்கு நடந்து போகிறது. அங்கே அதன் காலில் ஒரு முட்டை, வாசலுக்குக் கல்லும் குப்பையும். இஸ்ரேலில் பிரெடெரிக் லிபர்சாட்டின் ஆய்வகம் இந்த இரண்டாவது கொட்டு எங்கே விழுகிறது, என்ன செய்கிறது என்று வருடக்கணக்காக ஆராய்ந்தது. கரப்பானின் அழுக்கு உடம்புக்குள் வளரும் குஞ்சு, தானே கிருமிநாசினி சுரந்து உணவைக் கழுவிக்கொள்கிறது என்பது 2013-ல் தெரியவந்தது.

இவை எல்லாம் தனித்து வாழ்கிறவை. தாய் ஒருத்தி, கூடு ஒன்று, காவல் கிடையாது. கொடுக்கு இவற்றுக்குத் தொழில் கருவி. முட்டையிடும் குழல்தான் பரிணாமத்தில் ஊசியாக மாறியது. ஆண்களுக்கு முட்டைக் குழல் ஏது? அதனால் கொடுக்கும் இல்லை. கையில் பிடித்து நசுக்கினாலொழிய தனிக்குளவி மனிதனைக் கொட்டுவது அபூர்வம். அதற்குத் தன் ஊசியை வீணாக்க நேரமில்லை.

வெறுங்கையோடு தாழப் பறக்கும் பெரிய கருநீலப் பூச்சி ஒன்றும் கிராமத்துப் பக்கம் அடிக்கடி ஜனங்களை மிரட்டும். எருக்குழிக்கு மேல், மக்கிய தென்னை மட்டைக் குவியலுக்கு மேல், எதையோ தொலைத்தது போலச் சுற்றும். ரோமம் அடர்ந்த உடம்பு, எண்ணெய் மினுக்கிய இறக்கை. இது எதையும் தூக்குவதில்லை. மண்ணைத் தோண்டி இறங்கி, அடியில் கிடக்கும் வண்டுப் புழுவைக் கண்டுபிடித்து, கிடந்த இடத்திலேயே முடக்கி முட்டையிட்டுவிடும். இந்த இனத்தில் சில, காண்டாமிருக வண்டின் புழுவையே தேடுகிறவை. மலையாளத்தில் கொம்பன் செல்லி. தென்னங்குருத்தைத் துளைக்கும் அந்தக் கொம்பனைத் தெரியாத தென்னை விவசாயி இல்லை. மடகாஸ்கரிலிருந்து இப்படி ஒரு குளவியை மொரிஷியஸுக்குக் கொண்டுபோய்க் கரும்பைக் காப்பாற்றிய வரலாறு உண்டு. எருக்குழியில் அதைப் பார்த்து மண்வெட்டியை ஓங்குகிறவர், தன் தென்னைக்கு வந்த கூலியில்லாத காவலாளியைத்தான் ஓங்குகிறார்.

வாயில் மரத்தூளோடு வந்தால்? அது குளவியே அல்ல. ஓட்டு வீடுகளின் உத்திரத்தில், மூங்கில் கழியில், பென்சில் நுழையும் அளவுக்கு வட்டத் துளை போடும் கருவண்டு, மரத்துளைத் தேனீ. பெரிய இனங்கள் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், விமானம் போலச் சத்தம் போடும், ஆண் நம் முகத்துக்கு நேரே வந்து நின்று வம்புக்கு இழுக்கும். ஆணுக்குத்தான் கொடுக்கு இல்லையே, அதனால் அது வெறும் வாய்ச்சவடால். இந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு ஃபாப்ரிசியஸ் 1804-ல் வைத்த பெயர் சைலோகோபா ட்ராங்க்பாரிகா. ட்ராங்க்பார் என்று டேனிஷ்காரர்கள் வாயில் உருண்டது நம் தரங்கம்பாடி. தரங்கம்பாடிப் பெயர் தாங்கிய இந்தத் தேனீ நிலவில்லாத இரவிலும் பறந்து பூ தேடும். நமக்குக் கண் கட்டிவிட்டது போல் இருக்கும் நட்சத்திர வெளிச்சத்தில் அது நிறம் பிரித்துப் பார்க்கிறது என்று 2008-ல் ஹேமா சோமநாதனும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அவர் இப்போது இருப்பது திருவனந்தபுரத்து ஐசர் நிறுவனத்தில், கொச்சியிலிருந்து ஒரு பகல் தூரம்கூட இல்லை.

சரி, உண்மையான கடந்தை எப்போது?

அதன் கையில் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, மரப்பட்டையிலும் வேலிக் கழியிலும் சுரண்டி எச்சிலில் பிசைந்த சாம்பல் நிற உருண்டை. இல்லையென்றால், தேனீயோ ஈயோ வெட்டுக்கிளியோ, தலையும் காலும் இறக்கையும் கிள்ளிப்போட்டு மென்று உருட்டிய இறைச்சி உருண்டை. முன்னது கூட்டுக்குக் காகிதம், பின்னது குஞ்சுகளுக்குச் சாப்பாடு. மரத்திலிருந்து காகிதம் செய்யலாமே என்று பிரெஞ்சு அறிவியலாளர் ரெயோமூர் 1719-ல் சொன்னது குளவிக் கூட்டைப் பார்த்துத்தான். அதுவரை ஐரோப்பாவில் கந்தல் துணியிலிருந்தே காகிதம். இறைச்சியை வளர்ந்த கடந்தை விழுங்குவதில்லை. அந்த இடுப்பு வழியே கட்டியான எதுவும் இறங்காது, நீர் மட்டும்தான். குஞ்சு இறைச்சியைத் தின்றுவிட்டு, சத்துள்ள ஒரு துளியைச் சுரந்து தன் அக்காமார்களுக்குக் கொடுக்கும். ஊட்டுகிறவளுக்குக் குழந்தை திருப்பி ஊட்டுகிற குடும்பம். வெளியில் பூந்தேனும் பழுத்த பழத்தின் சாறும் கள்ளும் அவற்றுக்குப் பிடித்த பானம்.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அடிக்கடி கண்ணில் படும் கடந்தைகள் இரண்டு. இரண்டும் ஓர் அங்குலத்தை ஒட்டிய நீளம், கட்டையான உடம்பு. இடுப்பு ஒடுங்கியிருந்தாலும் கம்பி போல நீளாது. வயிற்றின் முன்பக்கம் இரண்டு வளையமும் சேர்ந்து ஆரஞ்சு மஞ்சளாகவும் மீதி கறுப்பாகவும் இருந்தால் வெஸ்பா அஃபினிஸ். இரண்டாவது வளையத்தில் மட்டும் அகலமான மஞ்சள் பட்டை, முன்னும் பின்னும் இருட்டு என்றால் பெரும்பாலும் வெஸ்பா ட்ராபிகா. முன்னது மரக்கிளையிலும் கூரை விளிம்பிலும் பூசணிக்காய் போலக் காகிதக் கூடு தொங்கவிடும். பின்னது பொந்திலும் மண்ணுக்கடியிலும் மறைவாகக் கட்டும், மற்ற குளவிகளின் கூட்டைக் கொள்ளையடித்தே வயிறு வளர்க்கும்.

அந்தக் கொள்ளைக்கு ஆளாகிற ஒரு சின்னக் காகிதக் குளவி, இந்திய அறிவியலில் பெரிய பெயர். ரொபாலிடியா மார்ஜினேட்டா, சன்னல் மூலையில் மூடியில்லாத தேனடை போலக் கூடு வைப்பது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் தன் ஆயுளில் பெரும்பகுதியை இதற்குக் கொடுத்தார். இதன் ராணி யாரையும் அடக்கி ஆள்வதில்லை, கூட்டிலேயே சாதுவானவள் அவள்தான். அவளை எடுத்துவிட்டால் சில நிமிடத்தில் வேறொருத்தி திடீரென்று சண்டைக்காரியாகி எல்லாரையும் மிரட்டுவாள். அவள்தான் அடுத்த ராணி என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் அவளும் சாதுவாகிவிடுவாள். அரசியல் தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இந்தக் கூட்டுக்கு வெஸ்பா ட்ராபிகா வந்து இறங்கினால் ராணியும் குடியும் விலகி நின்று பார்ப்பதைத் தவிர வழியில்லை. குஞ்சுகள் எல்லாம் போகும். தேனீக்கள் அப்படி விடுவதில்லை. நம் அடுக்குத் தேனீயின் ஜப்பானிய உறவு, வேவு பார்க்க வந்த ராட்சதக் கடந்தையை நூற்றுக்கணக்கில் மொய்த்துப் பந்தாக இறுக்கி, இறக்கைத் தசையை அதிரவைத்து 46 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிக் கொல்கிறது. தேனீயால் தாங்க முடிகிற அந்தச் சூட்டைக் கடந்தையால் தாங்க முடியாது. இடைவெளி இரண்டொரு டிகிரிதான்.

மனிதருக்குக் கடந்தை ஆபத்தாவது கூட்டுக்குப் பக்கத்தில். பூவில் தனியாக மேயும் கடந்தை நம்மைப் பொருட்படுத்தாது. கூட்டில் அதிர்வு பட்டால் கதை வேறு. தேனீ போலக் கொடுக்கை விட்டுவிட்டுச் சாகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். நசுங்கிய கடந்தையின் நஞ்சு வாசனையே மற்றவற்றைக் கூப்பிடும். அதனால் அடித்து நிற்பதைவிட, தலையை மூடிக்கொண்டு தூரமாக ஓடுவதே வழி. பல கொட்டு வாங்கியவருக்குச் சிறுநீரகம் வரை பாதிப்பு போகலாம். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும். மூச்சு திணறினாலோ, முகம் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ சுண்ணாம்பு தேடக் கூடாது, ஆஸ்பத்திரி தேட வேண்டும். நஞ்சு இறங்கியிருப்பது தோலுக்கு அடியில். மேலே தடவுகிற சுண்ணாம்பு அதை எட்டாது. கூட்டை எடுப்பதும் தீயணைப்புக்காரர் வேலை. மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு ஏறுகிற வீரர்களைப் பற்றிய செய்தி நல்ல செய்தியாக முடிவதில்லை.

நான் கிளம்புகிற அன்று சன்னல் குடத்தின் வாய் மூடியிருந்தது. கழுத்தைக் காணோம், அந்த மண்ணும் மூடிக்கே ஆகிவிட்டது போலும். பக்கத்தில் இரண்டாவது குடத்துக்கு அஸ்திவாரம். சேச்சி அந்தக் கதவை மட்டும் துடைக்காமல் விட்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். முதல் குடத்தில் வட்டமாக ஒரு துளை. பக்கத்தில் சட்டத்தின் மேல், வேட்டாவெளியனுக்குப் பதில், பச்சையும் நீலமுமாக மின்னும் கட்டைக் குட்டையான ஒரு பூச்சி, மயில் கழுத்து நிறத்தில் நகாசு வேலை செய்த பொத்தான் போல. இது யார், இது எப்படி உள்ளே வந்தது என்று கேட்டிருந்தார்.

ஸ்டில்பம் என்று எழுதினேன். குயில் குளவி. மூடிய மண் கூட்டைக் கண்டுபிடித்து, நனைத்துத் துளைத்து, நீண்ட குழலால் தன் முட்டையை உள்ளே விட்டுவிட்டுப் போகும். புழுவைத் தின்று கொழுத்த குளவிக் குஞ்சை இதன் குஞ்சு தின்றுவிட்டு வரும். வீட்டுக்காரி பார்த்துக் கொட்ட வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அந்த ஓட்டில் கொடுக்கு ஏறாது. புழு குளவியாகவில்லை, குளவிப் பிள்ளையும் குளவியாகவில்லை.

பதில் உடனே வந்தது. "அது வந்தப்ப நான் பார்த்தேன். கையில ஒன்னுமே இல்லையே!"